பூரான் பெட்டிக்கு 5 வோல்ட்

கேள்வி (ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி): ஐயா, அட்டாரியின் 'சென்டிபீட்' (பூரான்) ஆர்கேட் பெட்டி, அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றைப் பழைய சாமான் விற்பனையில் வாங்கினேன். 1981 மாடல். போட்டதும் நன்றாக ஓடுகிறது. 20 நிமிடம் போனால் ஆட்டம் நடுவிலேயே அறுந்து, தானாக முதலிலிருந்து தொடங்குகிறது. பவர் சப்ளையை மொத்தமாகப் பிடுங்கிவிட்டு கம்ப்யூட்டரில் வரும் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ். வைத்துவிடு என்கிறான் நண்பன். செய்யலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பிடுங்க அரை மணி நேரம் போதும். அப்புறம் படம் எங்கே, சத்தம் எங்கே என்று ஒரு வாரம் தேடுவீர்கள்.

அந்தப் பெட்டியில் பவர் சப்ளை ஒரே பொருள் இல்லை. அடியில் திருகி வைத்த இரும்புத் தட்டில் டிரான்ஸ்பார்மர், ஃபியூஸ்கள், நீலச் சட்டை போட்ட ஒரு பெரிய கண்டன்சர். 27,000 மைக்ரோஃபாரட், 15 வோல்ட். 'பிக் புளூ' என்று செல்லப்பெயர். அங்கிருந்து 10 வோல்ட் சொச்சம் டி.சி. 'ஏ.ஆர்.2' என்ற போர்டுக்குப் போய் 5 வோல்ட்டாக இறங்குகிறது. பாரம் சுமப்பது நம்ம 2என்3055 டிரான்சிஸ்டர். சென்னை ரிச்சி தெருவில் நான் கடை வைத்திருந்த நாளில் எந்த ஆம்ப்ளிஃபையரைத் திறந்தாலும் அந்த இரும்புத் தொப்பிக்காரர்தான் உட்கார்ந்திருப்பார்.

ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபையரும் அதே ஏ.ஆர்.2 போர்டில்தான் இருக்கிறது. அதைக் கழற்றினால் பூரான் ஊமை. டிரான்ஸ்பார்மரைக் கழற்றுவது அதைவிட ஆபத்து. பிக்சர் ட்யூப் மானிட்டருக்கு, வீட்டு லைனோடு ஒட்டாத தனிச் சுற்றிலிருந்து அதுதான் ஏ.சி. கொடுக்கிறது. அதை விட்டுவிட்டு மானிட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டினால் அதன் இரும்புச் சட்டமே லைவ் ஆகிவிடும், தொட்டால் ஷாக். நண்பருக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

சரி, ஆட்டம் ஏன் அறுகிறது? 5 வோல்ட் 4.7-க்குக் கீழே சரிந்தால் 6502 பிராசசர் தடுமாறும். காவலுக்கு இருக்கும் 'வாட்ச்டாக்' சுற்று உடனே ரீசெட் கொடுத்துவிடும். ஆனால் சரிவது சப்ளையிலா, வழியிலா? முதலில் அதைப் பாருங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கேம் போர்டின் கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையால் அதே போர்டின் 5 வோல்ட் புள்ளியைத் தொட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஏ.ஆர்.2-இன் வெளியீட்டை, அதன் சொந்த கிரவுண்டோடு சேர்த்து அளவெடுங்கள். பெட்டி சூடான பிறகும் ஒரு தடவை. கேம் போர்டில் 5, ஏ.ஆர்.2-இல் 5.5 என்று காட்டினால் திருடன் நடுவில் இருக்கிறான்: கேம் போர்டின் விளிம்பில் மாட்டும் எட்ஜ் கனெக்டர்.

மொட்டைமாடித் தொட்டியில் ஒருவர் நின்று "இன்னும் வரலை" என்று கத்த, கீழே இருப்பவர் வால்வை மேலும் மேலும் திறப்பார் இல்லையா? அட்டாரி அதே வேலைக்கு இரண்டு 'சென்ஸ்' கம்பிகள் வைத்திருக்கிறது: கேம் போர்டில் எத்தனை வோல்ட் வந்து சேர்கிறது என்று ஏ.ஆர்.2-க்குச் சொல்ல. கனெக்டர் பின்கள் கறுத்துத் தடை கூடினால், பாவம், ஏ.ஆர்.2 வோல்ட்டை ஏற்றி ஏற்றிக் கொதிக்கிறது. இந்த நிலையில் புது சப்ளை வைத்தாலும் கதை மாறாது. போர்டின் விளிம்பில் கனெக்டர் கவ்வும் உலோகப் பட்டைகளை ரப்பரால் தேய்த்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கனெக்டரில் கருகிய பின்களைத் தேய்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். ஃபியூஸ் பிடிக்கும் கிளிப்புகள் தளர்ந்திருந்தால் அவற்றையும்.

அதன் பிறகும் சரிகிறதா? பிக் புளூவுக்கு வயது நாற்பதுக்கு மேல், தயங்காமல் மாற்றுங்கள். பிளஸ், மைனஸ் பார்த்து. பிளக்கைப் பிடுங்கி, ரெசிஸ்டர் வைத்துக் கண்டன்சரை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மோதிரத்தைக் கழற்றி விடுங்கள். இத்தனை பெரிய கண்டன்சரின் இரண்டு முனையிலும் ஒருமுறை என் திருப்புளி விழுந்தது. 'டப்' என்று ஒரு வெளிச்சம். திருப்புளியின் முனையில் அரிசி அளவு குழி இன்றும் இருக்கிறது. மானிட்டர் பக்கம் கை போகவே வேண்டாம், பிக்சர் ட்யூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு எஸ்.எம்.பி.எஸ்.தான் வேண்டும் என்றால் 5 வோல்ட்டுக்கு மட்டும் வையுங்கள். வோல்ட்டைத் திருகிச் சரிசெய்யக்கூடிய ஆர்கேட் ரகம் நல்லது. கம்ப்யூட்டர் பெட்டியில் வருவதில் அந்தத் திருகு கிடையாது. ஏ.ஆர்.2-இன் 5 வோல்ட் கம்பியையும் சென்ஸ் கம்பிகளையும் துண்டியுங்கள், இரண்டு சப்ளை ஒரே லைனில் மோதக் கூடாது. சத்தத்துக்காக ஏ.ஆர்.2 இருக்கட்டும், டிரான்ஸ்பார்மரும் இருக்கட்டும். திருகை 5.0-க்கு வைக்கும்போது மீட்டர் முனை கேம் போர்டில் இருக்க வேண்டும்.

கேள்வி (ஒரு வாசகி, பினாங்கு): அண்ணன் ஜப்பானிலிருந்து ஒரு செகா 'ஆஸ்ட்ரோ சிட்டி' பெட்டி இறக்கியிருக்கிறார். 100 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருக்கும் பவர் சப்ளையை 230 வோல்ட் ரகமாக மாற்றினால் போதுமா?

பதில்: போதாது அம்மா. மாறுவது கேம் போர்டுக்கான 5, 12 வோல்ட் மட்டும்தான். மானிட்டரும் டியூப் லைட்டும் 100 வோல்ட்டையே எதிர்பார்க்கும். பெட்டிக்கு வெளியே 100 வோல்ட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வையுங்கள், பெட்டியின் பெயர்ப்பலகையில் இருக்கும் வாட்டைவிட ஒன்றரை மடங்கு தாங்குவதாக. உள்ளே எதையும் அறுக்க வேண்டாம். 110 வோல்ட் ரகம்தான் கடையில் இருக்கிறது என்பார்கள், வாங்காதீர்கள்.