மாமாவின் விரல்

அன்புள்ள அக்கா,

போன மாதம் மகளுக்குக் காது குத்தினோம். சடங்கு முடிந்து ஆண்கள் பந்தலில் தண்ணி போட உட்கார்ந்தார்கள். என் அண்ணன், என் எட்டு வயது மகனைக் கூப்பிட்டு, பீரில் விரலை நனைத்து அவன் நாக்கில் வைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் சத்தம் போட்டுவிட்டேன். "வீட்டிலேயே ருசி தெரிந்துவிட்டால் வெளியே ஆசைப்பட மாட்டான்" என்கிறார் அண்ணன். இப்போது எங்களுக்குள் பேச்சில்லை. நான் செய்தது தப்பா?

ஒரு தாய், பீடோங், கெடா, மலேசியா

அன்புள்ள தங்கைக்கு,

தப்பே இல்லை. நானாக இருந்தாலும் சத்தம் போட்டிருப்பேன்.

ஒரு சொட்டு பீரில் பையன் கெட்டுவிடுவான் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பயம் அந்தக் கைதட்டல்தான். எங்கள் ரப்பர் தோட்டத்தில் தீபாவளியன்று தாத்தா ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் போத்தலின் மூடியில் கொஞ்சம் ஊற்றி என் தம்பியிடம் நீட்டுவார். கசப்பில் அவன் முகம் சுருங்கும், தோள் ஒரு உலுக்கு உலுக்கும். "ஆம்பளடா!" என்று தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே சிரிக்கும். பெண் பிள்ளை என்பதால் எனக்கு யாரும் நீட்டியதில்லை. அடுத்த தீபாவளிக்கு அவனே மூடியைத் தேடி எடுத்துக்கொண்டு தாத்தா முன்னால் போய் நின்றான். கசப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை, அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. பிறகு வளர்ந்து சம்சு என்ற மலிவான சாராயத்தில் விழுந்தான். அந்த மூடிதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மூடியை மறக்கவும் முடியவில்லை.

அண்ணன் சொல்லும் காரணத்தை நானும் ஒரு காலத்தில் நம்பினேன். ஆஸ்திரேலியாவில் 1,927 பதின்ம வயதுப் பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் கவனித்து, 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெற்றோர் கையால் மது வாங்கிக் குடித்த பிள்ளைகள் அதனால் பத்திரமாக இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு வெளியிலும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்புதான் அவர்களுக்குக் கூடியிருந்தது. நம் மலேசியாவிலும் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக்கூடாது என்று 2017 டிசம்பரிலிருந்து சட்டம் இருக்கிறது.

1947-இல் உங்கள் கெடா தோட்டங்களில்தான் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. ரப்பர் பால் வெட்டிய கூலி கள்ளுக்கடையில் கரைவதைக் கண்ணால் பார்த்த சனங்கள் அவர்கள்.

சரி, அண்ணனோடு பேச்சை விட்டுவிடாதீர்கள். மகளை மடியில் வைத்துக் காது குத்தக் கொடுத்த தாய்மாமன் அவர். நீங்களே போய்ப் பேசுங்கள். அடுத்த விசேஷத்தில் மருமகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பந்தியில் பாயசம் ஊற்றப் பழக்கட்டும். சிந்தாமல் ஊற்றினால் எல்லாரும் நன்றாகக் கை தட்டட்டும்.

அன்புடன்,
அக்கா