காசு செலவில்லாம கச்சேரி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலைக்காக சென்னை வந்து மேன்ஷன்ல தங்கியிருக்கேன். மார்கழி சீசன் டிக்கெட் விலையைச் சொல்லியே எல்லாரும் பயமுறுத்துறாங்க. கையில பெருசா காசு இல்லாம நல்ல கச்சேரி கேக்க வழி இருக்கா?
- வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: தாராளமா இருக்கு தம்பி. டிக்கெட்டெல்லாம் பெரும்பாலும் சாயங்காலம் பெரிய வித்வான்கள் பாடுற கச்சேரிக்குத்தான், அதே சபாவுல மத்தியானம் நடக்குறது நெறைய இடத்துல ஃப்ரீ, மியூசிக் அகாடமியிலயே அப்படித்தான், யாரும் வாசல்ல நிறுத்திக் கேக்க மாட்டாங்க, நேரா உள்ள போய் உக்காரலாம். மயிலாப்பூர்ல பாரதிய வித்யா பவன், லஸ் பக்கம் ராகசுதா ஹால் ரெண்டுலயும் சீசன் இல்லாத மாசத்துலயும் இலவசக் கச்சேரி நடக்கும்.

இதை ஏதோ ரெண்டாந்தரம்னு நெனச்சுடாதீங்க. மத்தியான ஸ்லாட்ல பாடுறது இளம் கலைஞர்கள், ஒன்றரை மணி நேரந்தான் கிடைக்கும், எப்படியாவது சாயங்கால ஸ்லாட்டுக்குப் போகணும்ங்கிற வேகத்துல மெயின் ராகத்துல உயிரைக் குடுத்துப் பாடுவாங்க. கூட்டமும் இருக்காது, மூணாவது வரிசையில உக்காந்தா பாடகர் ஒரு சங்கதி (அதே வரியை வேற விதமா மாத்திப் பாடுறது) போட்டதும் வயலின்காரர் அதை அப்படியே பிடிச்சுத் திருப்பி வாசிக்கிறதும், மிருதங்கக்காரர் விரல் எங்க விழுதுங்கிறதும் கண்ணுக்கு நேரா தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள், தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கக்காரர் தனியா வாசிக்கிற பகுதி, ஆரம்பிச்சதும் கேன்டீனுக்கு எழுந்து போயிடாதீங்க ப்ளீஸ், அந்தப் பையன் அதுக்காகத்தான் அவ்வளவு நேரம் காத்திருக்கான். சாயங்காலமும் கேட்டே ஆகணும்னா பால்கனி டிக்கெட் பாருங்க, விலை கம்மி.

கேள்வி: எனக்கு கர்நாடக சங்கீதம் ஒட்டல. பறை, நாட்டுப்புறப் பாட்டு மாதிரி எங்க கேக்கலாம்?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: பொங்கல் சமயத்துல வெளியூர் போயிடாதீங்க! 2007ல ஆரம்பிச்ச சென்னை சங்கமம் நடுவுல நின்னு போய் 2023ல திரும்ப வந்துச்சு, பறையாட்டம், ஒயிலாட்டம், கரகம்னு ஊர் ஊரா இருந்து கலைஞர்கள் வந்து திறந்த வெளியில ஆடுவாங்க, எல்லாமே இலவசம். பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பத்துல 2015ல ஒரு விழா தொடங்குனாங்க, மீனவர் குப்பத்துக்குள்ளயே மேடை, பறையும் கர்நாடகக் கச்சேரியும் ஒரே மேடையில.

கேள்வி: எட்டு வயசுப் பையன் கச்சேரியில உக்கார மாட்டேங்கிறான், என்ன பண்ணலாம்?
- வாசகி, மந்தைவெளி

பதில்: உக்கார வைக்காதீங்க, நடக்க விடுங்க. பங்குனி உற்சவத்துக்குக் கபாலீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க, மூணாம் நாள் விடியக்காலை அதிகார நந்தி வாகனத்துல சாமி ஊர்வலம். சாமி புறப்படும்போது நாகஸ்வரத்துல மல்லாரி வாசிப்பாங்க, பாட்டு வரியே கிடையாது, தவில் சத்தம் நெஞ்சுல வந்து மோதும், அப்படியே மாட வீதியில கூடவே நடந்து வரலாம். நாகஸ்வரத்துக்கு சபாக்கள்ல இன்னமும் சரியான இடம் குடுக்கலங்கிறது என் வருத்தம், அதனால வாசிச்சு முடிச்சதும் பையனைக் கூட்டிட்டுப் போய் அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க, முடிஞ்சா அவன் கையால ஏதாவது குடுக்கச் சொல்லுங்க.