சோழமண்டலத்தைக் கட்டியெழுப்பிய பாத்திக் துணி

கேள்வி: சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம் அரசு அமைத்துக் கொடுத்ததா?

பதில்: இல்லை. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் தாங்களே உருவாக்கியது அது. பணிக்கர் 1944-லேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர் என்றாலும், ஓவியம் விற்று வயிறு வளர்ப்பது அன்று எளிதாக இருக்கவில்லை. எனவே, உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டு, சாயத்தில் தோய்த்து, பின் மெழுகை நீக்கும் பாத்திக் வேலையில் இறங்கிய அவர்கள், கைவினைஞர் சங்கமாகச் சேர்ந்து அதை விற்ற வருவாயிலிருந்தே கடலோரத்தில் நிலம் வாங்கினர். பிழைப்புக்கான தொழிலையும் கலையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாத அந்தத் தெளிவையே நான் பெரிதாக மதிக்கிறேன். பணிக்கர் 1977-இல் மறைந்தார். கிராமத்தை இன்றும் ஓவியர்களின் அந்தக் கைவினைஞர் சங்கமே நடத்துகிறது.