கடைசி வீட்டுக்குக் கேக்குதா?

கேள்வி: வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்க 3 லட்சம் ஒதுக்கி, சென்னையில் ஒரு பெரிய ஹை-எண்ட் ஆடியோ ஷோரூமுக்குப் போனேன். முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். முதல் கேள்வியே "பட்ஜெட் எவ்வளவு சார்?" தொகையைச் சொன்னதும் அந்தப் பையன் முகம் மாறிவிட்டது. கொண்டுபோன சிடியைப் போட மறுத்துவிட்டார். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் "ஃபைனல் பண்ணிடலாமா?" என்கிறார். இவ்வளவு விலைக்கு விற்கிற கடையில் சர்வீஸ் இப்படித்தான் இருக்குமா? பேசாமல் ஆன்லைனில் வாங்கிவிடலாமா?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஆன்லைன் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். சர்வீஸ் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிற தொழில் நம் ஊர்களில் ஒன்று உண்டு. சவுண்ட் சர்வீஸ். போர்டில் ஊர்ச்சாமி பெயர், பக்கத்தில் சவுண்ட் சர்வீஸ், கீழே 'ரேடியோ செட், சீரியல் லைட், சேர் வாடகைக்குக் கிடைக்கும்'. எங்கள் தெருவில் காதுகுத்தோ சடங்கோ என்றால் முதல் நாள் சாயங்காலமே அந்த அண்ணன் சைக்கிள் கேரியரில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். வேப்பமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். இறங்கி வந்து பாட்டைப் போட்டுவிட்டு விசேஷ வீட்டில் உட்கார மாட்டார். தெருவின் கடைசி வீடு வரை நடப்பார். அங்கே திண்ணையில் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருக்கும் பெரியம்மாவிடம் "கேக்குதா பெரியம்மா?" என்பார். "கேக்குதுப்பா, ஆனா காதக் குத்துது." திரும்பி வருவார், மரத்தில் ஏறிக் குழாயை நாலு விரற்கடை திருப்புவார், ட்ரெபிளை, அதாவது கீச்சென்ற மேல் ஒலியை, குறைப்பார், மறுபடி கடைசி வீட்டுக்கு நடப்பார். சில நாள் நாலு நடை. இத்தனைக்கும் அந்தப் பெரியம்மா வாடகை கொடுக்கிறவர் இல்லை.

சவுண்டுக்கு சர்வீஸ் என்றால் எனக்கு இதுதான். சத்தம் எங்கே கேட்கப்படுமோ அங்கே போய் நின்று பார்ப்பது. உங்களிடம் 3 லட்சத்தைக் குறிவைத்த அந்தப் பையன் உங்கள் ஹால் எத்தனை அடி நீளம் என்று கேட்டாரா? தரை டைல்ஸா சிமெண்டா, ஸ்பீக்கரை மூலையில் வைக்கப் போகிறீர்களா, ஒரு பக்கம் ஜன்னலா என்று கேட்டாரா? பட்ஜெட் கேட்பது தப்பே இல்லை, நானும் கேட்பேன், ஆனால் அது நாலாவது ஐந்தாவது கேள்வியாக வர வேண்டியது. முதலில் அறை, அப்புறம் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்பது, எவ்வளவு சத்தமாக, எந்த நேரத்தில், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், இதெல்லாம் தெரிந்த பிறகுதான் பணம்.

ஏன் அறையைப் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், ஸ்பீக்கர் பாதி பாடுகிறது, அறை மீதி பாடுகிறது. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு தாழ்ந்த, கனத்த சத்தம் தானாகவே வீங்கும். சுவருக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரமும் காற்றில் ஒலி போகும் வேகமும் சேர்ந்து செய்கிற வேலை அது, எத்தனை லட்சம் கொட்டி ஸ்பீக்கர் வாங்கினாலும் போகாது. பேஸ் கிடார் இறங்குகிற இடம் அது. மூலையில் வைத்தால் இன்னும் 'கும்'மென்று வரும். ஷோரூமிலோ தரையில் கம்பளம், சுவரில் மெத்தை மெத்தையாகப் பேனல், நடுவில் சோஃபா. நம் வீட்டில் பளபளவென்று டைல்ஸ், பூசிய சுவர், பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே கேட்ட ஸ்பீக்கர் வேறு, இங்கே வந்து இறங்குகிற ஸ்பீக்கர் வேறு. அதனால்தான் ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கக் கொடுக்கிற கடைக்காரரை நான் மதிக்கிறேன். அப்படிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், டெபாசிட் வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள்.

சிடி போட மறுத்த விஷயம் எனக்கும் நடந்தது. சில வருடங்களுக்கு முன் வேறொரு கடைக்கு ஒரு நாகஸ்வர சிடி எடுத்துப் போயிருந்தேன். "சார், இது டெமோவுக்கு செட் ஆகாது" என்றார் அங்கிருந்தவர். அவர் போட்டது என்னவென்றால், ஒரு வெளிநாட்டுப் பெண்மணி மெதுவாகப் பாடுகிறார், கூட ஒரு கிடார். அந்தப் பாட்டு எதில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும், அதற்காகவே பொறுக்கி வைத்திருக்கிறார்கள். தவிலைப் போடட்டும், அப்போது தெரியும். வலந்தலையில், அதாவது தவிலின் வலது முகத்தில், விரலில் மாட்டிய கூடு விழுகிற சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஓரம் மழுங்காமல் வர வேண்டும். அதே நேரம் தொப்பி என்கிற இடது முகத்தில் பூவரசங்குச்சி அடிக்கிற அடிக்குத் தோலின் எடை தெரிய வேண்டும். இவை இரண்டுக்கும் மேலே நாகஸ்வரம் கத்தாமல் நிற்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் தாங்குகிற ஸ்பீக்கர் வேறு எதையும் தாங்கும். நான் வீட்டில் தினமும் கேட்கப் போவது தவில். அதைப் போடமாட்டேன் என்கிற கடையில் எனக்கு என்ன வேலை? எழுந்து வந்துவிட்டேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். இரண்டு ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் போடும்போது, அவர்களுக்கு விற்க வேண்டியதற்கு வால்யூமை ஒரு மயிரிழை கூட்டி வைப்பார்கள். ஒரு டெசிபல் கூடினால் போதும், நம் காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். இது ஏமாற்று, வேறு பெயர் கிடையாது. இரண்டையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள், வைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

விலை கூடிய கேபிள் தேவையில்லை என்று இதே பக்கத்தில் முன்பு எழுதி வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இருந்தாலும் மாற்றிச் சொல்ல முடியாது. வீட்டு வயரிங்குக்குப் போடுகிற இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஸ்பீக்கர் வரை 5 மீட்டர், போக வர 10 மீட்டர். அதன் மின்தடை 0.07 ஓம் அளவு. ஸ்பீக்கரோ 8 ஓம். நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. 3 லட்சம் வைத்திருப்பவரிடம் 40,000 ரூபாய்க்குக் கேபிளை எடுத்து நீட்டுவதை நான் சர்வீஸ் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் ஒரு தடித்த ஜமுக்காளமும் கனமான திரைச்சீலையும் புத்தக அலமாரியும் வாங்குங்கள், வித்தியாசம் வாசலிலேயே தெரியும்.

அப்புறம், கடைசி வீடு என்றதும் சபாக்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்கழியில் மேடைக்கு முன்னால் நாலு பெரிய பெட்டி வைத்து மிருதங்கத்துக்கே இரண்டு மைக் கொடுக்கிறார்கள். கடைசி வரிசையில் வந்து நின்று தம்புரா கேட்கிறதா என்று பார்க்கிற சவுண்ட் ஆளை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். கல்யாண ரிசப்ஷன் அதைவிட மோசம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட வழியில்லை. இதை நிறுத்தும் வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.

நல்ல சர்வீஸ் இல்லாமலும் இல்லை. நண்பர் மகள் அமெரிக்காவிலிருந்து ஆசையாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்தாள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. தெரியாமல் நேராகச் செருகி, புகை வந்துவிட்டது. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவையொட்டிய ஒரு சந்தில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். மூடியைக் கழற்றி மோந்து பார்த்தார். "டிரான்ஸ்ஃபார்மர்தான் போயிருக்கு, போர்டு பொழச்சிடுச்சு" என்றார். 230-க்கு ரீவைண்டிங் செய்து கொடுத்தார். பத்து நாள் கழித்து அவரே போன் செய்து கேட்டார்: "பாடுதா சார்?"

சரி, ஆன்லைன். சில சமயம் விலை குறையும், வாங்கலாம். ஆனால் அந்த பிராண்டுக்கு இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா, வாரண்டி இந்திய வாரண்டியா என்று எழுத்தில் வாங்குங்கள். கூரியரில் வந்த 25 கிலோ பெட்டியை, உள்ளே ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்திருந்தால், திருப்பி அனுப்புவது லேசான காரியம் இல்லை, அதனால் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எனக்குக் கேட்டால் இன்னொரு கடை பாருங்கள் என்பேன். கூட்டம் இல்லாத வார நாள் காலையில், முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். ஹாலின் நீள அகலம், ஜன்னல், கதவு எல்லாம் ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போங்கள். தாளை வாங்கிப் பார்க்கிறாரா, மடித்துத் திருப்பித் தருகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். சென்னைக்கு வரும் முன் ஒரு கார்டு போடுங்கள், நானும் கூட வருகிறேன். நாகஸ்வர சிடியை நான் எடுத்து வருகிறேன்.