வேதியியல் பதங்கமாதலும் உளவியல் சப்ளிமேஷனும் ஒன்றா?

இதைக் கேட்டவர் இரண்டையும் தனித்தனியாகப் படித்திருக்கிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்குமே 'சப்ளிமேஷன்' (sublimation) என்றுதான் பெயர். உளவியலில் அது ஒரு ஆசையின் விசை உயர்ந்த இலக்குக்கு மாறுவது, தமிழில் உன்னதப்படுத்தல். பெயர் ஏன் ஒன்றாக இருக்கிறது என்பதுதான் அவர் சந்தேகம்.

தற்செயல் இல்லை, உளவியல் இதை வேதியியலிடம்தான் கடன் வாங்கியது. ஆனால் 'திண்மம் திரவமாகாமல் நேரடியாக வாயுவாவது' என்று பள்ளியில் மனப்பாடம் செய்த வரையறையை வைத்துப் பார்த்தால் தொடர்பு பிடிபடாது. மனித ஆசை எந்தத் திரவ நிலையைத் தாண்டிப் போகிறது?

பழைய ரசவாதிகளுக்கு இது ஒரு சுத்திகரிப்பு முறை. அழுக்கு கலந்த பொருளைச் சூடாக்கினால் வேண்டியது மட்டும் ஆவியாக மேலேறி, குளிர்ந்த இடத்தில் தூய படிகமாகப் படியும். கசடு அடியிலேயே கிடக்கும். சித்த மருத்துவத்தில் சாம்பிராணிப் பதங்கம் எடுப்பதும் இப்படித்தான். மேல் சட்டியில் படிவதுதான் மருந்து. உப்பையும் கற்பூரத்தையும் பிரிக்க ஆய்வகத்தில் புனலைக் கவிழ்த்து வைத்தது நினைவிருக்கலாம், அதே வேலைதான்.

(ஒரு இடைச்செருகல்: நாப்தலீனும் அயோடினும் உருகவே உருகாது என்று பலர் நம்புகிறார்கள். நாப்தலீன் சுமார் 80 டிகிரி செல்சியஸில் உருகும், அயோடின் சுமார் 114-இல். அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது, அவ்வளவே. சாதாரண அழுத்தத்தில் திரவமே ஆகாதது உலர்பனி, அதாவது திண்மமான கார்பன் டை ஆக்சைடு. அது மைனஸ் 78.5 டிகிரியில் நேரே வாயுவாகும். திரவமாக்க வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வேண்டும்.)

சரி, மனசுக்கு வருவோம். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டுக்கு முன்பே, 1878-இல், ஜெர்மானியத் தத்துவவாதி நீட்சே ஒழுக்க உணர்வுகளுக்கும் ஒரு வேதியியல் வேண்டும் என்று எழுதி, அங்கே இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஃபிராய்டு 1905-இல் அதைக் கோட்பாடாக்கினார். நேரடியாக நிறைவேற்ற முடியாத பாலுணர்ச்சியின் விசை, கலை, ஆராய்ச்சி என்று சமூகம் மதிக்கும் இலக்கின் பக்கம் திரும்புகிறது என்றார். ரசவாதியின் பொருள்போல ஆசையும் மேலேறி மேலான வடிவம் பெறுகிறது என்பதுதான் ஒப்புமை. 1910-இல் லியோனார்டோ டா வின்சியின் தீராத ஆராய்ச்சி வெறியையும் இப்படியே விளக்கினார். எல்லோராலும் இது முடியாது, சிலருக்கே, அதுவும் அவ்வப்போதுதான் என்று 1908-இல் அவரே எழுதியிருக்கிறார். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இந்தப் பகுதியை மட்டும் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள்!

இந்த ஒப்புமை ஓரிடத்தில் இடறுகிறது. கற்பூர ஆவி குளிர்ந்தால் மறுபடியும் அதே கற்பூரம். அது வெறும் பௌதிக மாற்றம். ஃபிராய்டு சொல்வதில் விசை பழையது, ஆனால் இலக்கே வேறு. என்னைக் கேட்டால் அது வேதிவினைக்குத்தான் நெருக்கம்.

உணர்ச்சியை வேறொருவர்மேல் திருப்பிவிடும் இடப்பெயர்ச்சியோடும் (displacement) இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மேலாளர் திட்டினார் என்று வீட்டில் பிள்ளைமேல் எரிந்து விழுந்தால் அது இடப்பெயர்ச்சி. அதே கோபம் ஒருவரைத் தொழிலாளர் சட்டம் படிக்க வைத்து, சங்கத்தில் மற்றவர்களுக்காக வாதாட வைத்தால் அது உன்னதப்படுத்தல். பின்னாளில் அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் வேலண்ட், நகைச்சுவையோடு சேர்த்து இதையும் முதிர்ந்த தற்காப்பு முறைகளில் (மன நெருக்கடியை மனமே சமாளிக்கும் வழிகளில்) வைத்தார். தற்காப்பு முறை என்பதால் பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே நடப்பது. 'இன்றுமுதல் என் கோபத்தைக் கவிதையாக்கப் போகிறேன்' என்று தீர்மானம் போட்டு உட்காருவது நல்ல பழக்கமாக இருக்கலாம், ஆனால் ஃபிராய்டு சொன்னது அதை இல்லை.