அப்பாவின் பாதப்புண்ணுக்கு எந்த டிரெஸ்ஸிங்?

இரண்டு மாதமாக சில்வர் டிரெஸ்ஸிங் போட்டும் சர்க்கரை நோயுள்ள அப்பாவுக்குப் பெருவிரலின் அடியில் உள்ள புண் ஆறவில்லை, தேன் டிரெஸ்ஸிங்குக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறுவதால் பெரிய பலன் இருக்காது. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசக் குழுவின் 2023 வழிகாட்டுதல், புண்ணை ஆற்றுவதற்கென்று வெள்ளியோ தேனோ வேண்டாம் என்கிறது. கசிவு, வசதி, விலை பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கசிவு அதிகமென்றால் அதை உறிஞ்சும் ஃபோம் (பஞ்சு போன்றது) அல்லது ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து செய்வது), காய்ந்த புண்ணுக்கு ஈரம் தரும் ஹைட்ரோஜெல். வெறும் காஸ் துணி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். என் அம்மாவுக்கு ஒருநாள் அப்படியே பிரித்தபோது, புதிதாக வளர்ந்த சிவப்புத் தசை நூலோடு பிய்ந்து வந்தது. அப்புறம் சலைன் (உப்புநீர்) ஊற்றி ஊறவைத்துத்தான் எடுத்தோம்.

எனக்குக் கவலை தருவது வேறு: அப்பா இன்னும் அதே செருப்போடு கடையில் நாள் முழுக்க நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். நடக்கும்போது எடை அழுந்துவதே அந்த இடத்தில்தான். அது குறையாமல் எந்த டிரெஸ்ஸிங்கும் உதவாது. முழங்கால்வரை போடும், எடையைப் பரப்பிவிடும் கட்டு பற்றி டாக்டரிடம் கேளுங்கள். காலில் ரத்த ஓட்டமும் சீழும் பார்த்த பிறகே அதைப் போடுவார்கள். புண்ணைச் சுற்றித் தடித்த தோலையும் டாக்டரே சீவி எடுக்கட்டும், வீட்டில் பிளேடு வேண்டாம்.

சிவப்பு பரவினால், நாற்றம் வந்தால், விரல் கறுத்தால், காய்ச்சல் அடித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள், நரம்பு மரத்த காலில் வலி தெரியாது.