‘எல்லாச் சுறாக்களும் முட்டையிடுவதில்லை’: சரியா, தவறா?

கீழக்கரை அண்ணனுக்கு வணக்கம். நீட் மாதிரித் தேர்வில் இந்தக் கூற்றைச் சரி என்று குறித்ததற்கு மகளுக்கு மதிப்பெண் போனது என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைமேல் தப்பில்லை. ‘ஒரு சுறாகூட முட்டையிடாது’ என்று படித்தால் கூற்று தவறு. ‘முட்டையிடாத சுறாவும் உண்டு’ என்று படித்தால் சரி. தமிழில் இரண்டுக்கும் அதே வாக்கியம்தான்.

மண்டபம் கடற்கரையில் பால்சுறாவை அறுக்கும்போது பார்த்திருக்கிறேன், வயிற்றுக்குள் தொப்புள்கொடியோடு குட்டிகள் கிடக்கும். பாருக்குள் (கடலடிப் பாறைத் திட்டு) ஒளிந்து கிடக்கிற சின்னச் சுறா வகையோ தோல்பை மாதிரிக் கூட்டில் முட்டையிடும். கடற்கரைப் பிள்ளை இரண்டாம் பொருளில் எடுத்தது இயல்பு.

ஆசிரியரிடம் ‘எந்தச் சுறாவும்’ அல்லது ‘சில சுறாக்கள்’ என்று மாற்றச் சொல்லுங்கள். தேர்வறையில் மற்ற விடைகளையும் பார்க்கட்டும். ‘சில சுறாக்கள் குட்டி ஈனும்’ என்று தனி விடையாக இருந்தால், கேட்டவர் மனதில் ‘ஒன்றுகூட முட்டையிடாது’ என்பதே இருந்திருக்கும். நீட் தமிழ் வினாத்தாளில் பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கும். குழப்பம் வந்தால் அதுவே இறுதி. (‘ஆல் ஷார்க்ஸ் டு நாட்’ என்று அங்கேயும் எழுதி வைத்தால் அதே கூத்துதான்!) தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும், அதையும் நினைவில் வைக்கச் சொல்லுங்கள்.